காதையும் சேர்த்தா கூலிக்கு விற்றோம்?

(தெற்கு அந்தமானில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாத தோழர்களுக்காகப் பேசியபடியே அச்சிடப்படுகிறது.)



ரயிலே ஓடாத தீவில் ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தவறில்லை. சென்னையிலிருந்து மூன்று இரவு கப்பலில் வந்தோம். படுத்த இடம் எஞ்சின் அறைக்கு மேலே. இறங்கி ஒரு நாள் ஆகியும் காதுக்குள் அந்த ரீங்காரம் இருக்கிறது. எங்களுக்கு அது நாளைக்குப் போய்விடும். போகாதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

முதலில் ஒரு வேண்டுகோள். காது சற்று மந்தமானவர்கள் பின்னால் உட்கார வேண்டாம். முன்னால் வாருங்கள். இடம் இருக்கிறது.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். எங்கள் ஊரிலும் இப்படித்தான். அதனால் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறோம்.

டிக்கெட் ஜன்னலில் பார்த்தது

நாங்கள் கோலார் தங்கவயல் லைன் வீட்டில் பிறந்தவர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள் தோண்டிய வயல் அது. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினார்கள். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை போட்டதே அந்தத் தங்கத்துக்காகத்தான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அந்தப் பக்கத்து நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுத்தோம். குழியில் இறங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடிகாலையில் பெங்களூருக்கு ரயிலேறி, கிடைத்த வேலையைச் செய்துவிட்டு இரவில் திரும்புவார்கள். இன்றைக்கும் அந்தப் பயணம் நிற்கவில்லை.

அந்த ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று புரியும். ஒரு பெரியவர் வந்து நிற்பார். "எங்கே போகணும் பெரியப்பா?" என்று கேட்போம். "ஒண்ணு" என்பார். எத்தனை டிக்கெட் என்று கேட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். "சில்லறை இருக்கா?" என்றால் "பெங்களூர்" என்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சிலர், "செவிட்டுக் கிழம்" என்று வாய்விட்டே சொல்வார்கள். பெரியவர் சிரித்து மழுப்புவார். அவருக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பது தெரியக்கூடாது என்ற தவிப்பு மட்டும் இருக்கும். நாளடைவில் நாங்கள் விரலைக் காட்டிப் பேசப் பழகினோம். ஆள் வந்து நிற்கும்போதே தெரிந்துவிடும், இவர் டிரில் பிடித்தவர் என்று.

எங்கள் தகப்பனாரும் டிரில் பிடித்தவர்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் குடும்பத்தில் சண்டை என்று பயந்து மறுநாளே கிளம்பியது உண்டு. சுரங்கம் மூடிய பிறகு அவர் பெங்களூரில் ஓர் இடத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ராத்திரியில் வண்டிக்காரர் ஆரன் அடித்திருக்கிறார், கேட்டைத் தட்டியிருக்கிறார். இவருக்குக் கேட்கவில்லை. தூங்கிவிட்டான் என்று எழுதி மூன்றாம் நாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவர் தூங்கவில்லை, தோழர்களே. விழித்துக்கொண்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

காதுக்காக நாங்கள் எங்கேயும் மனுப் போடவில்லை. போடலாம் என்றே தெரியாது. வயதானால் காது போகும், இது தலையெழுத்து என்று இருந்துவிட்டோம். அந்தத் தவறை நீங்கள் செய்யக்கூடாது என்று சொல்லத்தான் கடல் தாண்டி வந்தோம்.

இந்தத் தீவில் சுரங்கம் எங்கே?

"தங்கவயல் கதை சரி, இங்கே சுரங்கம் ஏது?" என்று கேட்பீர்கள். நேற்று மாலை உங்கள் லைன் வீடுகளுக்குப் போனோம். கல்குவாரியில் ஜாக்ஹேமர் பிடிப்பவர்கள், கம்ப்ரசர் ஓட்டுபவர்கள், கிரஷரில் ஜல்லி தள்ளும் பெண்கள், ஜெனரேட்டர் பார்ப்பவர்கள், ரம்பம் போடுபவர்கள் எல்லோரையும் கண்டோம். சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை 1883-இல் தொடங்கியது. அன்று முதல் ரம்பத்தின் ஓசை இந்தத் தீவுகளுக்குப் பழக்கம். மின்சாரம் பெரும்பாலும் டீசல் எஞ்சினில் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் கட்டினார்கள். படகுத்துறைகளைத் திரும்பக் கட்டினார்கள். பெரிய சாலையை அகலப்படுத்துகிறார்கள். கட்டுமானம் என்றால் ஜல்லி. ஜல்லி என்றால் பாறையில் துளை, வெடி, கிரஷர்.

சட்டத்தின் கண்ணுக்குக் கல்குவாரியும் சுரங்கமே. பூமியிலிருந்து கனிமம் எடுக்கத் தோண்டும் குழி எல்லாம் சுரங்கம் என்றுதான் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சொன்னது. கட்டடக் கல், சாலை ஜல்லி எடுக்கும் சின்னக் குழிகளுக்கு அதில் ஒரு விலக்குக் கொடுத்தார்கள். திறந்த குழியில் அதற்கு மூன்று நிபந்தனை: ஆழம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வெடிமருந்து வைக்கக்கூடாது. வெடி வைத்தால் அந்த விலக்கு இல்லை. இப்போது அந்தச் சட்டம் புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. அங்கேயும் சுரங்கம் என்ற சொல்லுக்குப் பொருள் தோண்டும் குழிதான்.

ஆகவே "நாங்கள் சாதாரணக் கல் உடைக்கிறவங்க" என்று நாமே நம்மைச் சின்னதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். வெடி வைத்துக் கல் எடுப்பவன் சுரங்கத் தொழிலாளி. தங்கவயலில் டிரில் பிடித்தவனுக்கும் உங்களுக்கும் காது ஒன்றுதான்.

காதுக்குள் நடப்பது என்ன?

நாங்கள் மெட்ரிக் படித்தவர்கள், டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

உள்காதில் நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிர் போன்ற நுனியுள்ள நுண்ணிய அணுக்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஓசையை நரம்புக்குச் சொல்பவை அவைதான். காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதைப் போல, ஓசை வரும்போது அவை அசைந்து நிமிர்கின்றன. புயல் அடித்தால் பயிர் படுத்துவிடும். ஓய்வு கிடைத்தால் கொஞ்சம் நிமிரும். தினமும் புயல் அடித்தால் செத்துவிடும். மனிதனுக்குச் செத்த அணு திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

ஓசையை டெசிபெல் என்ற அளவால் அளக்கிறார்கள். நாம் பேசுவது 60 அளவு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவனோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே 85-ஐ ஒட்டி இருக்கிறது என்று பொருள். ஜாக்ஹேமரும் சங்கிலி ரம்பமும் 110-ஐ ஒட்டிப் போகும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. 90 டெசிபெல்லில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். 95 என்றால் 4 மணி. 100 என்றால் 2 மணி. 105 என்றால் 1 மணி. 110 என்றால் அரை மணி. 115 என்றால் கால் மணி. அமெரிக்க ஆய்வு நிறுவனம் இதைவிடக் கறாராக, 85-லேயே 8 மணியோடு நிறுத்து என்கிறது. நம் விதியையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஜாக்ஹேமரைக் கையில் எடுத்தவனுக்கு, டீ வருவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் காதைக் கொடுத்துத்தான் வேலை செய்கிறான்.

வேலை விட்டு வரும்போது காது அடைத்தாற்போல் இருக்கும், 'ஙொய்' என்று இரையும். காலையில் சரியாகிவிடும். "பழகிப்போச்சு" என்கிறோம். பழகவில்லை, தோழர்களே. அது முதல் எச்சரிக்கை. பல நாள் கழித்து ஒரு காலையில் அது சரியாவதில்லை.

முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஓசைகள். நேற்று ஒரு தம்பியிடம் பேசினோம். வயது 26. ஆறு ஆண்டாகக் குவாரியில் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறார். பேச்சுவாக்கில், "முன்னாடி எல்லாம் ராத்திரியானா சில்வண்டு காதைத் துளைக்கும் அண்ணே, இப்போ இந்தப் பக்கம் சில்வண்டே இல்லை" என்றார். வெளியே சில்வண்டு கத்திக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கேட்டோம். அவருடைய நான்கு வயது மகள், "கத்துதே அப்பா" என்றாள். அந்தக் குழந்தை சொன்னதும் அவருக்கு முழுதாக விழுந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்துப் போவது மெய்யெழுத்தின் கூர்மை. ச, த, க, ப எல்லாம் ஒன்று போலத் தோன்றும். சட்டி என்றாலும் தட்டி என்றாலும் கட்டி என்றாலும் அவனுக்கு ஒரே சொல். ஆகவேதான் அவன் சொல்கிறான்: "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல." தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மெல்லியவை. அவை முதலில் கை நழுவும். மேஸ்திரியின் தடித்த குரல் கேட்கும். "மேஸ்திரி கூப்பிட்டா ஓடுறார், நான் கூப்பிட்டா காதிலயே வாங்குறதில்ல" என்று எத்தனை வீட்டில் சண்டை! அவர் அலட்சியம் செய்யவில்லை, அம்மா. உங்கள் குரலைக் குவாரி எடுத்துக்கொண்டது.

தெரியாமல் நடந்ததா?

சத்தத்தால் காது போகும் என்பது புதிய செய்தி இல்லை. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமாஸினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வெனிஸ் நகரத்தில் செம்பு தட்டும் கன்னார்கள் செவிடாவதை அவர் பதிவு செய்தார். 1886-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் டாக்டர் பார் என்பவர் பாய்லர் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. நீராவி எஞ்சினுக்கு ஆணி அறைந்த கைகள் அவை. எங்கள் ரயில்வேயின் பாய்லர் பட்டறைகளிலும் அதே ஆணி, அதே சம்மட்டிதான்.

நம் நாட்டில் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1975-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. 85 டெசிபெல் எச்சரிக்கை எல்லை, 90 அபாய எல்லை. 115-க்கு மேல் காதுக் காப்பு இல்லாமல் யாரையும் விடக்கூடாது. 140-க்கு மேல் எவரும் நுழையவே கூடாது. இப்படியெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஆனால் சுரங்கச் சட்டத்தின்படி அறிவிக்க வேண்டிய நோய்களில் சத்தத்தால் வரும் செவிட்டுத்தனம் சேர்ந்தது 2011-இல். நடுவில் 36 ஆண்டு. தங்கவயல் மூடிப் பத்தாண்டு ஆகிவிட்டிருந்தது. எங்கள் தகப்பன்மார் அதற்குள் கிழவர்கள்.

ஏன் இந்தத் தாமதம்? நுரையீரலில் கல்தூசி படிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஆள் இருமிச் சாவான். தங்கவயலுக்காக மைசூர் அரசு 1940-லேயே சிலிக்கோசிஸ் இழப்பீட்டு விதிகள் போட்டது. விரல் துண்டானால் ரத்தம் வரும். காது போனால் ரத்தம் இல்லை, இருமல் இல்லை, பிணம் இல்லை. அழுவதற்கும் ஆள் இல்லை. சிரிப்பதற்கு மட்டும் ஊரே இருக்கிறது. செவிடன் என்றால் நம் நாடகத்திலும் சினிமாவிலும் கோமாளி. நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டும்.

சட்டம் இருக்கிறது, சந்தும் இருக்கிறது

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் "சத்தத்தால் வரும் கேள்விக் குறை" தொழில் நோயாக எழுதப்பட்டிருந்தது. முழுச் செவிடானால் சம்பாதிக்கும் திறன் 100 விழுக்காடு போனதாக அதன் முதல் அட்டவணை கணக்கிட்டது. பாதி போனால் டாக்டர் மதிப்பிடும் அளவுக்கு. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போயின. பல உரிமைகளைப் பற்றிச் சங்கங்களுக்குக் கடுமையான சண்டை இருக்கிறது. அது வேறு கூட்டம். ஆனால் இந்த நோய் புதிய பட்டியல்களிலும் இருக்கிறது. காது போனதற்குக் கேட்பது பிச்சை இல்லை. சட்டத்தில் எழுதிய பாக்கி.

பிறகு ஏன் யாருக்கும் கிடைப்பதில்லை? சந்தைப் பாருங்கள். பழைய சட்டத்தில் இந்த நோய்க்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. நம் நிலைமை என்ன? ஐந்து மாதம் ஒரு கான்ட்ராக்டர். பிறகு மழைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அதே குவாரி, அதே கிரஷர், வேறு கான்ட்ராக்டர் பெயர். பத்தாண்டு ஒரே பாறையை உடைத்தாலும் தாளில் யாரிடமும் ஆறு மாதம் நிற்பதில்லை. இன்னொன்று, 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றார்கள். கை ஒடிந்தால் ஒடிந்த தேதி தெரியும். காது எந்தத் தேதியில் போனது? அது சொட்டுச் சொட்டாக ஒழுகிய பானை.

மூன்றாவது சந்துதான் பெரிது. வேலைக்கு வரும்போது உன் காது சரியாக இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? "ஊரிலிருந்தே செவிடனாக வந்தான்" என்று சொன்னால் என்ன பதில்?

இங்கேதான் குமாஸ்தா பேச வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு ரிஜிஸ்டர் எழுதியவர்கள் நாங்கள். ரிஜிஸ்டரில் ஏறாத மூட்டை தொலைந்தால் அது தொலைந்ததாகவே கணக்கில்லை. வந்த மூட்டை என்பதற்கே ஆதாரம் இல்லையே! தொழிலாளியின் காதும் அப்படி ரிஜிஸ்டரில் ஏறாத மூட்டையாகக் கிடக்கிறது. ரயில்வேயில் எங்களை எடுக்கும்போதே உடம்பைச் சோதித்து எழுதினார்கள். ரயில் ஓட்டும் தோழருக்குக் காலமுறைப்படி மருத்துவச் சோதனை உண்டு. அவர் கண்ணிலும் காதிலும் ஆயிரம் பயணிகள் உயிர் இருக்கிறது என்பதற்காக. சரி. குவாரித் தோழரின் காதில் அவர் குடும்பத்தின் உயிர் இருக்கிறது. அதை யார் எழுதி வைத்தார்கள்?

40 வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று 2025-இல் அரசு அறிவித்தது. வரட்டும், வரவேற்போம். ஆனால் சத்தத்தால் காது வேகமாகப் போவது வேலைக்குச் சேர்ந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டில். இருபது வயதில் ஜாக்ஹேமர் பிடித்தவனுக்கு நாற்பதில் சோதனை செய்தால், திருட்டுப் போன வீட்டில் பூட்டு வாங்கிய கதைதான். சோதனை முதல் நாளே வேண்டும்.

பஞ்சு வைத்தால் போதுமா?

"காதுக் கவசம் கொடுத்தோம், இவங்கதான் போடுறதில்லை" என்று எல்லா ஊரிலும் ஒரு பல்லவி உண்டு. இந்தத் தீவின் புழுக்கத்தில் அதை எட்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள். வியர்வை ஊறிக் காது புண்ணாகும். பின்னால் டிப்பர் வருவது கேட்காது. நாற்பது பேருக்கு நாலு கவசம், அதையும் மாற்றி மாற்றி மாட்டுவது. வெறும் பஞ்சு பெரிதாகத் தடுப்பதும் இல்லை. கவசம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆளுக்கொன்று, சரியான அளவில், முதலாளி செலவில் வேண்டும். கொடுத்தால் போட வேண்டும். ஆனால் அது கடைசிக் காவல்.

முதல் காவல் இயந்திரத்தில். கம்ப்ரசருக்கும் டிரில்லுக்கும் ஓசை அடக்கும் குழல் பொருத்தலாம். ஜெனரேட்டரைத் தனி அறையில் அடைக்கலாம். கிரஷரைச் சுற்றி மறைப்புக் கட்டலாம், கல் விழும் தகரச் சரிவில் ரப்பர் விரிக்கலாம். தேய்ந்த பேரிங்கையும் தளர்ந்த போல்ட்டையும் மாற்றினாலே இரைச்சல் குறையும். ஆட்களை நேரம் வைத்து மாற்றிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களுக்கு 2003-இல் ஓர் இலக்கு வைத்தார்கள்: 2013 முடிவதற்குள் எந்த இயந்திரமும் 110 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. பிறகு அதையும் 107-ஆகக் குறைத்தார்கள். சொன்னது முழுதும் நடந்ததா என்பது அங்குள்ள தோழர்கள் போராடும் விஷயம். ஆனால் இயந்திரத்தைத் திருத்து என்று அங்கே கேட்டார்கள். இங்கே காதைப் பொத்திக்கொள் என்கிறார்கள்.

இந்தத் தீவுக்கென்று ஒரு பயமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியதையும் பிறகு கடல் வந்ததையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த நம் உறவுகளை அந்தக் கடல் என்ன செய்தது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. சைரன் ஊதுவார்கள், ஒலிபெருக்கியில் சொல்வார்கள். காது போனவனுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு லைனிலும் காது கேளாதவர் வீடு எது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரைத் தட்டி எழுப்பும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். இதற்கு அரசாங்கம் வர வேண்டியதில்லை. இன்று இரவே செய்யலாம்.

செய்ய வேண்டியவை

நாளை முதல் நாம் செய்ய வேண்டியது:

1. குவாரி, கிரஷர், ஜெனரேட்டர், ரம்பம், கப்பல் எஞ்சின் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும், வயது எதுவானாலும், ஒரு முறை கேள்விச் சோதனை செய்து ஆடியோகிராம் தாளை வாங்க வேண்டும். ஜி.பி. பந்த் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். வேலை முடித்த கையோடு போகக்கூடாது. இரைச்சலை விட்டு ஓர் இரவு முழுக்க ஓய்ந்த பிறகு காலையில் போக வேண்டும். இல்லாவிட்டால் கணக்குத் தவறும்.

2. அந்தத் தாளை ஆதார் அட்டையோடு பத்திரப்படுத்த வேண்டும். ஊருக்குப் போனாலும் கையோடு போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை புதிய தாள்.

3. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் குவாரி, எந்தக் கான்ட்ராக்டர், என்ன இயந்திரம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஹாஜர் சீட்டு, கூலிச் சீட்டு எதையும் கிழிக்க வேண்டாம்.

4. கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. வழக்கில் அவை மட்டும் சாட்சி ஆகாது. ஆனால் எந்த இடம் மோசம் என்று நமக்குத் தெரியும். முறையாக அளக்கச் சொல்லிக் கேட்கத் தெம்பு வரும்.

5. ஏற்கெனவே காது போனவர்கள் மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு என்றால் கேள்விக் குறை. 70-க்கு மேல் என்றால் காது கேளாமை. காதுக் கருவிக்கு ஏடிப் என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. கருவி ஓசையைப் பெரிதாக்கும். போன தெளிவை முழுதும் தராது. ஆனாலும் பேத்தியின் குரல் கிட்டே வரும்.

முதலாளிகளிடமும் நிர்வாகத்திடமும் நாம் கேட்க வேண்டியது: வேலைக்குச் சேரும் நாளிலும் ஆண்டுதோறும் இலவசக் கேள்விச் சோதனை, தாளின் நகல் தொழிலாளி கையில். ஒவ்வொரு இயந்திரத்தின் சத்தத்தையும் அளந்து, தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் பலகை. இயந்திரத்துக்கு ஓசைத் தடுப்பு. கான்ட்ராக்டர் பெயர் மாறினாலும் அதே குவாரியில் வேலை செய்த காலம் முழுதும் சேர்த்துக் கணக்கு. காது குறைந்தவனை விரட்டாமல், கூலி குறைக்காமல், சத்தமில்லாத வேலைக்கு மாற்றுவது. இவ்வளவுதான். தங்கப்பாளம் கேட்கவில்லை.

"இதையெல்லாம் பேசினால் நாளைக்கு வேலைக்கு வராதே என்பார்களே" என்று நேற்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான பயம். அடுத்த கப்பலில் வேறு ஆள் வருவான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகையால் ஒருவர் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். முதலில் சோதனைத் தாள்கள் சேரட்டும். அது யாருக்கும் எதிரான காரியம் இல்லை. டாக்டரைப் பார்ப்பதை எவனும் தடுக்க முடியாது. தாள்கள் சேர்ந்த பிறகு சங்கம் பேசும். பெயர் சொல்லாமல், எண்ணிக்கையைச் சொல்லிப் பேசும். ராஞ்சியிலிருந்து வந்த தோழர்கள், வங்காளத் தோழர்கள், தெலுங்குத் தோழர்கள் எல்லோரும் அதே கிரஷர் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். காது போவதற்கு மொழி இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம்.

எங்கள் தகப்பனார் இன்று இல்லை. கடைசி ஆண்டுகளில் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தோம். கேட்பது நின்றால் பேசுவதும் நின்றுவிடும் என்று பிறகுதான் புரிந்தது. அவரிடம் சொல்லாமல் விட்டவை எங்களிடம் நிறைய இருக்கின்றன.

உழைப்பை விற்கத்தான் கடல் தாண்டி வந்தீர்கள். காதை விற்க வரவில்லை. எந்தக் கூலிச் சீட்டிலும் காதுக்கு விலை எழுதவில்லை. எழுதாத பொருளை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் களவு.

இப்போது திரும்பக் கேட்கிறோம். காது மந்தமானவர்கள் முன்னால் வாருங்கள். நோட்டும் பேனாவும் இங்கே மேசையில் இருக்கின்றன. முதல் பெயரை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.